நல்லூருக்கு 355 கிலோமீற்றர்

2024 செப்டெம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. நல்லூர்க் கந்தன் கோயிலில் தேர். விடியமுன்னரே பருத்தித்துறை வீதி நிரம்பிவிட்டது. அடியழித்தவர்களும் தூக்குக்காவடிகளும் தண்ணீர்ப்பந்தல்களுமாக வெளிவீதியில் கால்வைக்க இடமில்லை. அதே நாளில்தான் இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குத் தன் முதல் விமானத்தை விட்டது. நாள் பார்த்து வைத்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, பொருத்தமான நாள்தான். ஆனால் விமானம் வந்து இறங்கியது பிற்பகலில். நல்லூர்த் தேரோ காலையில் வெளிக்கிட்டு, வெயில் ஏறமுன் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்துவிடும். வானத்தால் வந்தவர்களுக்கு மிஞ்சியது மறுநாள் தீர்த்தம்.

நல்லூரில் நேரம் பிசகாது. மணிக்கூட்டைப் பார்த்துப் பூசைக்குப் போகிறவர்கள் மற்ற ஊர்களில் இருப்பார்கள். நல்லூரில் பூசை மணியைக் கேட்டு மணிக்கூட்டைச் சரிசெய்கிறவர்களே அதிகம். மந்திரி வந்தாலும் தூதுவர் வந்தாலும் கொடியேற்றம் ஒரு நிமிடம் பிந்தாது. இப்படி நேரத்தைக் கட்டிக் காக்கிற ஊருக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற கேள்விக்கு மட்டும் கடந்த முக்கால் நூற்றாண்டில் ஒரே பதில் இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஒன்றரை மணிநேரம். ஒரு காலத்தில் இரண்டு நாள். ஒரு காலத்தில் எவராலும் சொல்லமுடியாத பதில்.

தூரம் மாறவில்லை. அதை யாரும் வீட்டிலிருந்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வட அகலக்கோடு 13 பாகைக்குச் சற்றுக் குறைவு. பலாலி 9 பாகை 47 கலை. நெடுங்கோட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடம், 80 பாகையைச் சற்றுத் தாண்டி. ஆகவே பலாலி என்பது சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிற ஊர். அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல்மைல். வித்தியாசம் 192 கலை. அதாவது 192 கடல்மைல். அதாவது ஏறத்தாழ 355 கிலோமீற்றர். உலக வரைபடத்தில் இவ்வளவு சுலபமாகத் தூரம் கணக்கிடக்கூடிய இரு விமான நிலையங்கள் அதிகம் இல்லை.

இதே மீனம்பாக்கத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 650 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி ஏறத்தாழ 400. அதாவது யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியால் கொழும்பு இருக்கிற தூரத்தைவிட வான்வழியால் சென்னை கிட்ட. திருச்சி இன்னும் கிட்ட. பலாலியிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்க்கோட்டில் 185 கிலோமீற்றர்தான். கொழும்பு பஸ்சில் ஏறினால் இந்தத் தூரத்தில் இன்னும் அநுராதபுரத்தைக்கூடத் தொட்டிருக்க முடியாது.

ஏடிஆர் 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் 355 கிலோமீற்றருக்கு 43 நிமிடம் போதும். கால அட்டவணையிலோ ஒன்றேகால் மணிநேரம் என்று போட்டிருக்கும். மிச்ச அரை மணிநேரம் எங்கே போகிறது? விமானக் கம்பனிகள் பறக்கிற நேரத்தை எழுதுவதில்லை. நிறுத்திய இடத்திலிருந்து அசைகிற நிமிடம் தொடங்கி, மறுபக்கத்தில் வந்து நிற்கிற நிமிடம் வரைக்கும் எழுதுகின்றன. சென்னையில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, மெல்ல மேலேறுவது, பிறகு வேகத்தைக் குறைத்து இறங்குவது, கொஞ்சம் பிந்தினாலும் சொன்ன நேரத்துக்குப் போய்ச்சேர்ந்ததாகக் காட்டக் கையில் வைத்திருக்கிற சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். பயணம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு இந்தச் செலவு உறுத்தும். சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். ஆனால் ஜெட் விமானத்தில் நேரம் ஒருசில நிமிடங்கள்தான் கூட.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணம் 1947 டிசம்பர் 10. ‘சீதாதேவி’ என்று பெயர் சூட்டிய டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கிச் சென்னைக்குப் போனது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்த நேரம். நாட்டின் தேசிய விமானம் தொட்ட முதல் இடம் யாழ்ப்பாணம் என்பதை இன்று பலர் நம்பமாட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை தன் தேவைக்குப் போட்ட ஓடுபாதைதான் அதற்கு உதவியது. டக்கோட்டா மணிக்கு 300 கிலோமீற்றரை எட்டினாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் 355 கிலோமீற்றரைப் பறந்து முடிக்க ஒன்றேகால் மணிநேரம் ஆகும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்றரை. எழுபத்தேழு ஆண்டு கழித்து, கண்ணாடித் திரைகள் நிறைந்த விமானி அறையோடு வந்த இயந்திரம் மிச்சம்பிடித்துத் தந்தது அதிகம்போனால் கால் மணிநேரம்.

அந்த நாளில் பலாலிக்கும் தமிழகத்துக்கும் இடையே விமானம் ஏறுவது பணக்காரர் பயணம். மற்றவர்களுக்குத் தலைமன்னார் கப்பல் இருந்தது. வடமராட்சிக்காரருக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. வல்வெட்டித்துறையில் வள்ளம் ஏறி அக்கரையில் படம் பார்த்துவிட்டு அடுத்தநாள் திரும்பிய கதைகளை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் கணக்குப் பிழைக்காது. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஐம்பத்துச் சொச்சம் கிலோமீற்றர்தான் கடல். அதை நீந்தியே கடக்கலாம் என்று 1954இல் காட்டியவர் மு. நவரத்தினசாமி. 1971இல் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் நிற்காமல் திரும்பி நீந்தினார். போகவரப் பிடித்தது 51 மணிநேரம். பிற்காலத்தில் விமானமும் கப்பலும் இல்லாமல் அலைந்தவர்கள் இந்த 51 மணிநேரத்தை நினைத்துப் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

1978 செப்டெம்பரில் இரத்மலானையில் நின்ற எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் எரிந்தது. பயணிகள் இறங்கிய பின் வெடித்ததால் உயிர்ச்சேதம் இல்லை. எயார் சிலோனும் அத்தோடு முடிவுக்கு வர, 1979இல் எயார் லங்கா பிறந்தது. புதிய நிறுவனத்தின் கண் இலண்டன் பக்கம் இருந்தது, பலாலிப் பக்கம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்கான விமானத் தொடர்பு அதன்பின் நாற்பது ஆண்டுகள் அறுந்துபோனது. போர் தொடங்கமுன்னரே அறுந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிட முடியாது.

கிளாலியும் பலாலியும்

1990இல் யாழ்தேவி ரயில் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடியது. வலிகாமம் வடக்கில் பலாலியைச் சுற்றிய ஊர்கள், வயாவிளான், குரும்பசிட்டி, மயிலிட்டி, கட்டுவன், ஒரே கிழமைக்குள் காலியாகின. விமான நிலையம் இராணுவத் தளமானது. தளத்தைச் சுற்றி உயர்பாதுகாப்பு வலயம் விரிந்தது. அதற்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் இரவில் கிளாலிக் கடல்நீரேரியில் வள்ளம் ஏறவேண்டும். அக்கரை சேர்ந்தால் உழவு இயந்திரம், சைக்கிள், லொறி, நடை என்று வவுனியா வரைக்கும். அந்தக் கடல்நீரேரியில் சுடப்பட்டு இறந்தவர்கள் பலர். எத்தனை மணிநேரம் என்று கேட்டு எவரும் அந்தப் பயணத்துக்கு வெளிக்கிடவில்லை.

1995இன் கடைசியில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்கு மாறியபின் திருகோணமலைக் கப்பலும், பிறகு தனியார் விமானமும் வந்தன. பலாலிக்கும் இரத்மலானைக்கும் நேர்க்கோட்டில் 330 கிலோமீற்றர். ஒரு மணிநேரப் பறப்பு. அதற்கு முன்னால் அனுமதி எடுக்கவும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறவும் ஒரு முழுநாள் போகும். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் அன்ரனோவ் விமானம் கொழும்புக்கு வந்துசேரவில்லை. அதில் 55 பேர் இருந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2012இல், இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகள் கிடைத்தன. கோயில் திருவிழா என்றும் கலியாணம் என்றும் ஊருக்கு வந்துபோனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இன்றைக்கும் பலாலி விமானம் என்றால் ஒரு நிமிடம் யோசிக்கிற வீடுகள் குடாநாட்டில் உண்டு.

நேரமேகூட அந்தக் காலத்தில் ஒன்றாக இருக்கவில்லை. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 1996 மே மாதம் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்னுக்கு இழுத்தது. மிச்ச அரை மணிநேரம் 2006 ஏப்ரல் புத்தாண்டுவரை அப்படியே இருந்தது. வன்னியில் புலிகள் அதை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே நின்றார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறியவர் முகமாலையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணிநேரம் பின்னால் வைக்கவேண்டும். ஓமந்தையைத் தாண்டியதும் மறுபடி முன்னால் வைக்கவேண்டும். ஒரே வீதி, ஒரே பகல், இரண்டு நேரம். கடலுக்கு அப்பால் சென்னையும் வன்னியும் ஒரே நேரத்தில் ஓட, யாழ்ப்பாணம் அரை மணிநேரம் முந்தி நின்றது. இப்போது மூன்றுக்கும் ஒரே நேரம்.

இரண்டு பெட்டி, ஒரு சிறிய விமானம்

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ ஆனது. சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் வந்து திறந்துவைத்தார்கள். நவம்பர் 11இல் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. நாலு மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்து மூடியது. மறுபடி விமானம் இறங்கியது 2022 டிசம்பர் 12இல். பிறகு இண்டிகோ, 2025 மார்ச் 30 முதல் திருச்சிக்கும் அதே நிறுவனத்தின் விமானம். இடையில் 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஒரு கிழமையில் நின்றது. 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். சுமார் 110 கிலோமீற்றருக்கு நாலு மணிநேரம். மாரிக்கடல் குழம்பினால் கப்பல் இல்லை.

திருச்சி விமானத்துக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. அந்த நகரத்து விமான நிலையத்துக்குக் கிட்டவே கொட்டப்பட்டு அகதி முகாம் இருக்கிறது. தாய்மண்ணிலிருந்து 185 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டது. அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடு ஊர் திரும்பியவர்கள்கூட விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே பஸ் ஏறித்தான் வந்தார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை.

இப்போதைய கணக்கைப் பார்ப்போம். சென்னையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, மூன்று மணிநேரம் முந்திப் போய் நின்று, ஒன்றேகால் மணிநேரம் பறந்து, எழுபதுபேர் கொண்ட வரிசையில் குடிவரவு முத்திரை குத்தி, புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி என்று இறங்கி நல்லூருக்கு வர எல்லாமாக ஆறு மணிநேரம் பிடிக்கும். கொழும்பு வழியென்றால் அதே ஆளுக்குப் பதினைந்து மணிநேரத்துக்குக் குறையாது. இலண்டன்காரரின் நிலை இன்னும் வேடிக்கை. ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் பதினொரு மணிநேரத்துக்குள் வந்துவிடுவார். மிச்ச 400 கிலோமீற்றருக்கு, வாடகை வானைப் பிடித்தால் ஏழெட்டு மணிநேரம், இரவு பஸ்சென்றால் அதற்கும் மேல்.

அப்படியானால் புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் ஏன் சென்னை வழியாக வருவதில்லை? காரணம் பெட்டி. கனடாவிலிருந்து வருகிற குடும்பம் ஆளுக்கு இரண்டு பெட்டியோடு வரும். 23 கிலோ, 23 கிலோ. அண்ணன் பிள்ளைக்குச் சப்பாத்து, அம்மாவுக்கு மருந்து, அயலட்டைக்குச் சொக்லேட். சின்ன விமானம் அவ்வளவு பாரத்தை எடுக்காது. மேலதிகக் கிலோவுக்குக் காசு கட்டவேண்டும். இரண்டாவது காரணம், சென்னையில் தனி டிக்கெட்டில் விமானம் மாறுவதென்றால் வெளியே வந்து மறுபடி உள்ளே போகவேண்டும்; அதற்கு இந்திய விசா வேண்டும். ஐரோப்பாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ நள்ளிரவிலும் விடியப்புறத்திலும் சென்னையில் இறங்குகிறவர் பகல் விமானத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப்பார்த்துவிட்டு, “கொழும்பாலயே போவம்” என்று முடிவெடுக்கிறார்கள். அவர்களைப் பிழை சொல்லமுடியாது.

யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குப் போகிறவர்களின் கதை வேறு. கண் வைத்தியம், இருதய வைத்தியம், கலியாணக் கூறைப்புடவை, பிள்ளையின் படிப்பு. இந்திய விசாவுக்குக் கொழும்புக்கு ஓடவேண்டிய நிலையை 2010 நவம்பரில் திறந்த இந்தியத் துணைத்தூதரகம் மாற்றியது. அதுவும் நல்லூரில்தான் இருக்கிறது, மருதடி ஒழுங்கையில். கோயிலுக்கு நடை தூரம். ஆனால் விசா குத்துவதற்குக் கடவுச்சீட்டு வேண்டுமே! அதை எடுக்க வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போய்ப் பழியாய்க் கிடந்தார்கள். பத்தரமுல்லையென்றால், நேர் வடக்கே 355 கிலோமீற்றர் பறப்பதற்கு முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் பஸ்சில் போகவேண்டியிருந்தது. 2025 செப்டெம்பர் 1 அன்று யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தபிறகுதான் அந்த அலைச்சல் ஓய்ந்தது. பயணநேரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் விமானத்தின் வேகத்தை எழுதுகிறார்கள். இந்தப் பாதையில் மிகப்பெரிய நேரச் சேமிப்பைத் தந்தது விமானமே இல்லை. கச்சேரியில் திறந்த ஒரு அறை.

பறக்கிற அந்த ஒரு மணிநேரமும் சும்மா போவதில்லை. சென்னையிலிருந்து வரும்போது வலப்பக்க யன்னல் கிடைத்தால் விடக்கூடாது. ஏடிஆர் தாழப் பறக்கிற விமானம். சிறகும் மேலே இருக்கிறது, பார்வையை மறைக்காது. விமானம் கரைக்குச் சமாந்தரமாக வந்தால், மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகபட்டினம் என்று சோழமண்டலக் கரை முழுவதும் ஒரு நீளமான மணற்கோடாக ஓடிவரும். கோடியக்கரையில் அந்தக் கோடு மேற்கே மடியும். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் வெறுங்கடல். முகில் இல்லாத நாளில் பின்னால் வேதாரணியத்து உப்பளம் மறையமுன் முன்னால் யாழ்ப்பாணக் கரை தெரிந்துவிடும். செம்மண் தோட்டங்கள், பனைகள், கிணறுகள், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பழைய கட்டடங்கள். விமானம் சாயும்போது மாவிட்டபுரம் கந்தன் கோயிலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நல்லூரின் அலங்காரக் கந்தனிடம் போகிறவர்கள் முதலில் அபிஷேகக் கந்தனைக் கும்பிடலாம்.

இனி என்ன வேண்டும்? பெரிய ஜெட் இறங்க ஓடுபாதை நீளவேண்டும் என்று வர்த்தகர்களும் சுற்றுலாக்காரரும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஏர்பஸ் 320 வந்தால் ஆசனம் இரண்டு மடங்காகும், பெட்டிப் பிரச்சினை தீரும், வளைகுடாவிலிருந்தும் நேரே வரலாம். ஆனால் பயணநேரத்தில் அதனால் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதைவிட அவசரமானவை வேறு இருக்கின்றன: சென்னையில் பெட்டியைக் கையில் எடுக்காமலே மாற்றிக்கொள்ளும் ஒரே டிக்கெட் ஏற்பாடு, திருவிழா இருபத்தைந்து நாளுக்காவது ஒரு விடியற்காலை விமானம், நிலையத்திலிருந்து நகரத்துக்கு விமான நேரத்தை ஒட்டி ஓடும் அரச பஸ். இவற்றுக்குச் சீமெந்தும் தாரும் தேவையில்லை. கம்பனிகளும் அதிகாரிகளும் ஒரு மேசையில் இருந்து பேசினால் ஆகிற காரியம்.

ஓடுபாதை நீள்வதென்றால் அது வெற்று நிலத்தில் நீளப்போவதில்லை. வயாவிளானிலும் குரும்பசிட்டியிலும் மயிலிட்டியிலும் உறுதி வைத்திருக்கிற காணிக்காரர் 1990இலிருந்து காத்திருக்கிறார்கள். துண்டு துண்டாக நிலம் விடப்பட்டாலும் எல்லாருடைய காணியும் இன்னும் திரும்பவில்லை. வயாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில்தான், அதுவும் பகல் நேரத்துக்கு மட்டும், மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓடுபாதைத் திட்டம் கொழும்பில் எப்போது கையெழுத்துக்கு வந்தாலும், அந்தக் காணிக்காரரைக் கூப்பிட்டு இருத்திப் பேசிய பிறகே வரவேண்டும். எடுக்கிற ஒவ்வொரு பரப்புக்கும் விலையோ மாற்றுக் காணியோ கையில் கொடுத்த பிறகே கல் நாட்டவேண்டும்.